நம் வாசல் டின்னில் பிறக்கும் காய்ச்சல்



லயத்துக்குப் புகை அடிக்க ஆள் வந்துவிட்டால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. பிள்ளைகள் புகையின் பின்னாலேயே ஓடுவார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் புகை கலைந்துவிடும். "அதான் மருந்து அடிச்சாச்சே, இனிமே கொசு ஏது?" என்று பேசிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஒரு வாரம் கழிந்தால் அதே திண்ணையில் அதே கொசுக்கடி! "மருந்துல தண்ணிய கலந்துட்டானுங்க" என்று குறை சொல்வோம்.

மருந்தில் தண்ணீர் கலந்தார்களோ இல்லையோ, நம் வீட்டுப் பின்னால் கிடந்த பால் டின்னில் தண்ணீர் இருந்தது. அதை மட்டும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சுற்றுப்புறத்தைக் காப்பாற்றுவது என்றால் அது காட்டையும் கடலையும் பற்றிய பெரிய பேச்சு, படித்தவர்கள் பட்டணத்தில் கூட்டம் போட்டுப் பேசுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நமக்குச் சுற்றுப்புறம் என்பது முதலில் நம் வாசல், கொல்லைப்புறம், சாக்கடை, நாம் வெட்டும் நிரை, இவ்வளவுதான். இங்கே நாம் வீசி எறிகிற பொருள் எங்கேயும் போய்விடுவதில்லை. கொசுவாகவோ புகையாகவோ விஷமாகவோ நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. அது எப்படி வருகிறது, தடுக்க நாம் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் இந்தப் பகுதியில் சொல்லப்போகிறோம்.

அன்று மலேரியா

நம் பாட்டன் பாட்டி காலத்துத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். கப்பலில் வந்து இறங்கிய ஜனங்கள் காட்டை அழித்தார்கள், கித்தா நட்டார்கள், குளிர்க்காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். காய்ச்சல் எதனால் வருகிறது என்பதே அப்போது தெளிவாகத் தெரியாது. கெட்ட காற்று என்றார்கள், காட்டுத் தண்ணீர் என்றார்கள், பேய் என்றும் சொன்னார்கள்.

1897ஆம் ஆண்டில் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். அந்தச் செய்தி அறிந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901இல் கிள்ளானுக்கு வேலைக்கு வந்தார். ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்துத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வடியவைத்தார். காய்ச்சல் குறைந்தது. பிறகு அவர் இன்னொரு உண்மையையும் கண்டார். மலைப்பாங்கான இடத்தில் காட்டை வெட்டி வெயில் படும்படி செய்தால், அங்குள்ள தெளிந்த நீரோடைகளில் வேறொரு வகைக் கொசு பெருகி முன்னைவிட மோசமாக மலேரியாவைப் பரப்புகிறது! மனிதன் நிலத்தை மாற்றினான். கொசுவும் ஆளை மாற்றிக்கொண்டது. அந்த ஓடைகளைத் தரைக்கடியில் குழாய் போட்டு மூடவேண்டியிருந்தது, தண்ணீரின் மேல் எண்ணெய் தெளிக்கவேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த மலேரியாக் கொசு பிறந்தது சதுப்பிலும் ஓடையிலும். அதை ஒழிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும், குழாய் வேண்டும். அது துரைமாரும் அரசாங்கமும் செய்யவேண்டிய வேலை. ஒரு தொழிலாளி தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அதைத் தடுத்திருக்க முடியாது.

இன்று நம்மை வாட்டும் கொசு அப்படிப்பட்டது அல்ல.

இன்று ஏடிஸ்

டிங்கிக் காய்ச்சலையும் சிக்குன்குனியாவையும் பரப்புவது ஏடிஸ் கொசு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் காலில் வெள்ளை வளையமும் இருக்கும். இதில் இரண்டு வகை நம் நாட்டில் உண்டு. ஒன்று வீட்டுக்குள்ளேயும் வீட்டை ஒட்டியும் வாழ்வது. மற்றொன்று வெளியே புதர், மரம், தோட்டம் என்று வாழ்வது. ஆக, வீட்டிலும் கடி, வேலைக்காட்டிலும் கடி.

இந்தக் கொசு ஆற்றில் பிறப்பதில்லை, ஓடையில் பிறப்பதில்லை. ஒரு கிண்ணம் தண்ணீர் அதற்குப் போதும். நாறும் சாக்கடையைவிடத் தெளிந்து நிற்கும் மழைத்தண்ணீர்தான் அதற்குப் பிடித்தம். தண்ணீர் விளிம்பை ஒட்டி ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றிவிட்டாலும் அந்த முட்டை சாவதில்லை. டின்னின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மறு மழை பெய்து தண்ணீர் தொட்டதும் புழு வெளியே வந்துவிடும். "வெயில் காலந்தானே, எங்க கொசு வரப்போகுது" என்று நாம் சும்மா இருக்கும்போது, அடுத்த மழைக்கான கொசு நம் வாசலில் காய்ந்துபோய்க் காத்திருக்கிறது!

பிறந்த இடத்தைவிட்டு இது அதிக தூரம் போவதுமில்லை. பெரும்பாலும் இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். அப்படியென்றால் உங்கள் பிள்ளையைக் கடித்த கொசு எங்கே பிறந்திருக்கும்? உங்கள் வீட்டில், அல்லது பக்கத்து வீட்டில், அல்லது நீங்கள் இருவரும் சேர்ந்து கவனிக்காமல் விட்ட பொது இடத்தில்.

நம் மாவட்டத்தில் நடந்தது

இதெல்லாம் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கத்துச் சங்கதி என்று சித்தியவானில் இருக்கிற நாம் நினைக்கவேண்டாம். 2006ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் சிக்குன்குனியா தலைகாட்டியது நம் மஞ்சோங் மாவட்டத்தில்தான். பந்தாய் ரெமிஸ் பக்கத்திலுள்ள பாகான் பன்சோர் என்ற மீனவர் கிராமத்தில் சுமார் இருநூறு பேர் அந்தக் காய்ச்சலில் படுத்தார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

அதற்கு முன் 1998இல் கிள்ளான் துறைமுகப் பகுதியில் அந்த நோய் வந்திருந்தது. பிறகு ஏழெட்டு வருஷம் பேச்சுமூச்சு இல்லை. பாகான் பன்சோரில் கண்ட கிருமியை ஆராய்ந்து பார்த்தபோது, அது பழைய கிள்ளான் கிருமியை மிகவும் ஒத்திருந்தது. நோய் நாட்டைவிட்டுப் போய்விடவில்லை, சத்தம் போடாமல் எங்கோ பதுங்கியிருந்தது என்பதே ஆராய்ச்சியாளர்கள் கண்ட முடிவு. 2008இல் ஜொகூரில் ஆரம்பித்து அது பல மாநிலங்களுக்குப் பரவியது. அதே காலத்தையொட்டி, 2006, 2007ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் ரப்பர் மரம் நிறைந்த மாவட்டங்களையும் அது படுத்திவைத்தது. மழைக்காலத்தில் பால் வெட்டாத மரங்களில் தொங்கிய சிரட்டைகளில் கொசு பெருகியது ஒரு முக்கிய காரணம் என்று அங்கே கண்டார்கள்.

சிக்குன்குனியா ஆளைக் கொல்வது அபூர்வம். ஆனால் கூலிக்காரனை அது வேறு விதமாகக் கொல்லும். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, விரல் எல்லாம் வீங்கி வலிக்கும். காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டாலும் மூட்டுவலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் விடாது. உளியைப் பிடிக்க விரல் மடங்காது. குலையை வெட்டக் கை தூக்க முடியாது. நாள்கூலிக்கும் விளைச்சல் கூலிக்கும் வேலை செய்கிற குடும்பத்தில் ஒரு ஆள் ஒரு மாதம் படுத்தால் என்ன ஆகும் என்று நாம் விளக்கத் தேவையில்லை.

டிங்கியோ உயிரையே எடுக்கக்கூடியது. 2015ஆம் ஆண்டில் நம் நாட்டில் 120,836 பேருக்கு டிங்கி கண்டு 336 பேர் இறந்தார்கள். 2019இல் 130,101 பேருக்கு வந்து 182 பேர் இறந்தார்கள். அந்த ஒவ்வொருவரையும் கடித்த கொசு ஏதோ ஒரு வாசலில், ஏதோ ஒரு கொல்லைப்புறத்தில் பிறந்ததுதான்.

"நான் தினம் பெருக்குறேனே தம்பி!"

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு தாயாரின் பிள்ளைக்கு டிங்கி வந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றினார்கள். சுகாதார இலாகா ஆட்கள் வீட்டைச் சோதிக்க வந்தபோது அந்த அம்மாவுக்கு ஒரே கோபம். "எங்க வாசல பாருங்க தம்பி, ஒரு இலை கிடக்குதா? நான் காலையிலயும் சாயங்காலமும் பெருக்குறேனே!" அது உண்மைதான். லயத்திலேயே சுத்தமான வாசல் அவர்களுடையது. வந்தவர் அடுப்படிக்குள் போனார். சாப்பாட்டு அலமாரியில் எறும்பு ஏறாமல் இருக்க, நான்கு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தார்கள். டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். நான்கு கிண்ணத்திலும் புழு நெளிந்தது. அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சுத்தம் வேறு, தேங்கிய தண்ணீர் வேறு என்பதை நாம் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். பெருக்குமாறு இலையைத்தான் தள்ளும். கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டாது.

எங்கே தேடுவது?

வீட்டுக்குள்: குளிக்கும் தொட்டி, மூடியில்லாத பீப்பாய், அலமாரிக் காலடிக் கிண்ணம், ஐஸ்பெட்டியின் பின்பக்கத்துத் தட்டு, பூ ஜாடி, சாமி படத்தின் முன் வைத்து மாற்ற மறந்த தண்ணீர்ச் செம்பு.

வெளியே: பால் டின், பெயிண்ட் டின், உடைந்த வாளி, பழைய டயர், தேங்காய் மட்டை, சிரட்டை, பூந்தொட்டியின் அடித்தட்டு, கோழிக்கும் நாய்க்கும் தண்ணீர் வைக்கும் சட்டி, கூரைத் தண்ணீர் வடியும் தகரக்குழாயில் இலை அடைத்த இடம், குழிந்து கிடக்கும் பிளாஸ்டிக் பை. ஒரு கச்சான் பொட்டலத்தின் பையில்கூட ஒரு கரண்டி மழைத்தண்ணீர் நிற்கும்.

கோயிலில்: உடைத்த தேங்காய் மூடி, திருவிழா முடிந்து மூலையில் கிடக்கும் மண் சட்டி, அகல். கோயில் கமிட்டியார் கவனிக்கவேண்டும்.

வேலைக்காட்டில்: மங்கு! சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ் பக்கம் கித்தா குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது என்றாலும், கித்தா இருக்கிற இடமெல்லாம் மங்கு இருக்கிறது. தினமும் பால் எடுக்கிற மங்கில் கொசு வளர நேரமில்லை. மழையால் வேலை நின்றபோதும், இலையுதிர்ந்து வெட்டு நிறுத்தியபோதும், மரம் வயதாகி விட்டுவிட்டபோதும்தான் ஆபத்து. ஒருவருடைய பங்கில் ஐந்நூறு மரம் என்றால் ஐந்நூறு மங்கு. மல்லாந்து கிடந்தால் ஐந்நூறு கொசுத் தொட்டி. கவிழ்த்து வைத்தால் வெறும் மங்கு. உடைந்த பழைய மங்கு மரத்தடியில் கிடந்தால் அதையும் பொறுக்கி ஒரே இடத்தில் சேர்க்கவேண்டும். செம்பனைக் காட்டில் உரப்பைகளும் குடித்துவிட்டு வீசிய தண்ணீர் போத்தல்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

முட்டை கொசுவாக ஏழு நாளாவது வேண்டும் என்று சொன்னோம் அல்லவா? அந்தக் கணக்குத்தான் நமக்குப் பிடிமானம். ஏழு நாளைக்கு ஒரு தடவை நாம் சுற்றி வந்தால் எந்தப் புழுவும் கொசுவாகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டுக்கு ஒரு ஆள் போதும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சுற்றுங்கள். புழு இருக்கிற டின்னைக் கண்டுபிடிப்பதில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

1. தேங்கிய தண்ணீரை மண்ணில் கொட்டவேண்டும். சாக்கடையில் கொட்டினால் புழு அங்கே பிழைத்துக்கொள்ளலாம்; காய்ந்த மண்ணில் கொட்டினால் செத்துவிடும்.

2. கொட்டிய பாத்திரத்தின் உட்பக்கத்தை நாரால் அல்லது பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். தேய்க்காமல் மறுபடி தண்ணீர் பிடித்தால் பாதி வேலைதான் செய்ததாகும்.

3. வேண்டியதை மூடிவையுங்கள், வேண்டாததைக் கவிழ்த்துவையுங்கள், உடைந்ததை வீட்டைவிட்டு அகற்றுங்கள். பழைய பேப்பர், தகரம் வாங்க லாரி வரும்போது போட்டால் நாலு காசும் கிடைக்கும்.

4. கொட்ட முடியாத தொட்டி, பீப்பாய்க்கு அபேட் என்ற மணல் போன்ற மருந்து உண்டு. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் கணக்கு. மேலே அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துப் போடவேண்டும். அலங்காரத் தொட்டியில் நான்கு கப்பி மீன் விட்டால் மருந்தே வேண்டாம். புழுவை அவை தின்றுவிடும்.

5. அலமாரிக் காலடிக் கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் உப்பைப் போட்டு வைக்கலாம், அல்லது வாரம் தவறாமல் கொட்டித் தேய்க்கவேண்டும்.

புகை அடிப்பது பறக்கிற கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. நோய் கண்ட இடத்தில் அது அவசியம்தான். அடிக்க வரும்போது கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, பிள்ளைகளைத் தூரத்தில் நிறுத்துங்கள். ஆனால் அதுவே முழு வைத்தியம் என்று எண்ணி ஏமாறக் கூடாது.

கொளுத்துவது வழியல்ல

"குப்பைய கொளுத்திட்டா வேலை முடிஞ்சுது, கொசுவும் ஓடிப்போகும்" என்பது நம் பழைய பழக்கம். காய்ந்த சருகு மட்டும் குப்பையாக இருந்த காலத்தில் அந்தப் பழக்கம் வந்தது. இன்றைய குப்பையைப் பாருங்கள். பிளாஸ்டிக் பை, போத்தல், பிள்ளைகளின் பேம்பர்ஸ், மின்சாரக் கம்பி. இவற்றை வாசலில் வைத்து அரைகுறையாகக் கொளுத்தும்போது, டைஆக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் புகையில் கலந்து வருகின்றன. அந்த நஞ்சு சாம்பலிலும் தங்கி, சாம்பல் போட்ட மண்ணிலும், அங்கே மேய்கிற கோழியின் முட்டையிலும் சேரும். புகை நேராகப் போவது அடுத்த வீட்டுக் கைக்குழந்தையின் மூச்சுக்கும், இழுப்பு உள்ள கிழவரின் நெஞ்சுக்கும்.

1997லும் 2005லும் 2015லும் புகைமூட்டம் வந்து நாடே மூச்சுத் திணறியதை நாம் அனுபவித்தோம். அப்போது சுமத்ராவிலும் போர்னியோவிலும் காட்டைக் கொளுத்துகிறவர்களைத் திட்டினோம். திட்டியது நியாயம்தான். ஆனால் அதே நாளில் நம் லயத்தின் பின்னால் புகை போய்க்கொண்டிருந்தால், நாம் பேசுவதில் என்ன நியாயம் இருக்கிறது? திறந்த வெளியில் குப்பை கொளுத்துவது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், கடுமையான அபராதமும் உண்டு.

பிறகு குப்பையை என்னதான் செய்வது? சோறு, காய்கறித் தோல், இலை ஆகியவற்றை வாழை மரத்தடியில் குழி வெட்டிப் போட்டு மேலே மண் தள்ளுங்கள். மரத்துக்கு நல்ல உரம். தகரம், போத்தல், பேப்பரை விற்பனைக்குச் சேருங்கள். மிச்சமிருப்பதைக் கட்டித் தொட்டியில் போட்டால், ஒரு வீட்டுக்கு ஒரு சின்னப் பைதான் தேறும்.

கொசுவர்த்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் அது கக்கும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைப்பதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று கண்டது. கதவைச் சாத்திக்கொண்டு அதைப் பிள்ளையின் தலைமாட்டில் வைப்பது நல்லதல்ல. அதோடு ஏடிஸ் முக்கியமாகக் கடிப்பது பகலில், அதுவும் விடிந்த பின்னும் பொழுது சாயும் முன்னும். நாமோ ராத்திரியில் சுருள் கொளுத்துகிறோம்! பகலில் தூங்கும் குழந்தைக்குக் கொசுவலை போடுங்கள். வெட்டுக்குப் போகிறவர்கள் கை நீளச் சட்டை போடுங்கள்.

சிலர் பழைய என்ஜின் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். அது ஓடைக்குப் போய், புழுவைத் தின்னும் மீனையும் தவளையையும் கொல்லும். கொசுவுக்கு நாமே காவல் போட்டது போலாகும்.

விஷ டின்னை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்

புல்லுக்கு மருந்து அடிக்கிற நம் சகோதரிகள் படுகிற பாடு இந்தச் சங்கத்துக்குப் புதிதல்ல. பாரகுவாட் என்ற மருந்து பல வருஷம் நம் தோட்டங்களில் ஓடியது. நகம் கறுத்து விழுந்தவர்கள், மூக்கில் இரத்தம் வந்தவர்கள் உண்டு. ஒரு மிடறு தவறி வாயில் போனாலும் உயிர் போகும், மாற்று மருந்து கிடையாது. 2002இல் அரசாங்கம் அதைத் தடுத்தது. 2006இல் மறுபடி அனுமதித்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. ஒரு மருந்து போனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றின் டின்னும் பீப்பாயும் இருக்கின்றன.

அந்தப் பீப்பாய் உறுதியானது, நல்ல மூடி உள்ளது. "மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவிட்டேன், தண்ணி பிடிச்சு வைக்கலாம்" என்று வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு முழுதும் போகாது. குடிதண்ணீருக்கோ குளிக்கும் தண்ணீருக்கோ அது ஆகவே ஆகாது. மருந்தைச் சர்பத் போத்தலில் ஊற்றி வைத்து, தாகத்தில் குடித்த பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

காலியான டின்னை வேலைக்காட்டிலேயே மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிக்கும் தோம்பிலேயே ஊற்றி, டின்னின் அடியில் ஓட்டை போட்டு, ஸ்டோரில் ஒப்படைக்கவேண்டும். தெளிக்கும் பம்பை ஓடையில் கழுவக் கூடாது. கீழே அந்தத் தண்ணீரில் யாரோ முகம் கழுவுவார்கள், பிள்ளைகள் மீன் பிடிப்பார்கள். மருந்து அடித்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. அதை மாற்றாமல் பிள்ளையைத் தூக்கவும் கூடாது.

நிர்வாகத்தின் கடமை

நம் பொறுப்பு என்று இவ்வளவு சொன்னதால், நிர்வாகத்தின் பொறுப்பை நாம் தலையில் தூக்கிக்கொள்ளவேண்டும் என்று அர்த்தமல்ல. தோட்ட வீடுகளுக்கு நல்ல தண்ணீர் கொடுப்பதும், சாக்கடையைப் பழுதுபார்ப்பதும், குப்பையை அகற்ற ஏற்பாடு செய்வதும் முதலாளியின் கடமை. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், அதற்காகத்தான் இருக்கிறது. லயத்தை வாரம் ஒரு முறை சோதித்துப் பார்க்கவேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உள்ளது. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வந்தால் நாம் ஏன் பீப்பாயில் பிடித்து வைக்கப்போகிறோம்? குப்பை லாரி ஒழுங்காக வந்தால் ஏன் கொளுத்தப்போகிறோம்?

ஆகவே குறை இருந்தால் தோட்டக் கமிட்டியில் சொல்லுங்கள். தேதி, இடம், குறை மூன்றையும் எழுதிக் கொடுங்கள். "சாக்கடை அடைச்சு மூணு வாரமாச்சு" என்று வாயால் முணுமுணுப்பதைவிட ஒரு வரி எழுத்துக்குப் பலம் அதிகம். நம் வாசல் சுத்தமாக இருந்தால், "உங்க ஆளுங்கதானே குப்பை போடுறாங்க" என்று யாரும் நம் வாயை அடைக்க முடியாது.

தோட்டத்தைவிட்டுத் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டவர்களுக்கும் ஒரு சொல். அங்கே வீடு உங்கள் பொறுப்பு. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி, உங்கள் வளாகத்தில் கொசுப்புழு கண்டால் 500 வெள்ளி வரை அபராதச் சீட்டு எழுதலாம். அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் வேலை செய்யவேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்

திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்புவலி, தோலில் சிவப்பு என்றால் டிங்கியைச் சந்தேகிக்கவேண்டும். இரண்டு நாளுக்கு மேல் காத்திருக்காமல் கிளினிக்கில் இரத்தம் சோதிக்கவேண்டும். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் போதும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புருஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். கடையில் வாங்கிப் போடாதீர்கள். தண்ணீர், கஞ்சி, இளநீர் நிறையக் கொடுங்கள்.

இதை நன்றாக மனதில் வையுங்கள்: டிங்கியில் காய்ச்சல் குறைகிற நேரம்தான் ஆபத்தான நேரம். "சூடு விட்டுருச்சு, நாளைக்கு வேலைக்குப் போகலாம்" என்று நினைக்கிற அந்த மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை கண்ணை மூடாமல் கவனிக்கவேண்டும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிட்டுப் போதல், சிறுநீர் குறைதல், மயக்கம், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். நம் பகுதிக்கு ஸ்ரீ மஞ்சோங் ஆஸ்பத்திரி இருக்கிறது. ராத்திரி வண்டி இல்லை என்று விடியும்வரை காத்திருக்கவேண்டாம். கிராணியையோ மேனஜரையோ எழுப்புங்கள்.

தோழர்களே! அன்று சதுப்பிலும் ஓடையிலும் பிறந்த கொசு நம் முன்னோரைக் கொன்றது. அவர்களால் அதைத் தடுக்க முடியவில்லை. இன்று கொசு பிறப்பது நம் கை எட்டுகிற இடத்தில். ஒருவர் வீட்டுக் கொசு அவரை மட்டும் கடிப்பதில்லை. இருநூறு மீட்டருக்குள் இருக்கிற எல்லாரையும் கடிக்கும். அதனால் ஒரு வீடு செய்து ஒன்பது வீடு சும்மா இருந்தால் பலன் இல்லை. சங்கம் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும் இதுதானே?

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்த கையோடு எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முதல் டின்னைக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள்.